விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? நீங்களே கணக்குப் போடலாம்

முதல் தடவை விமானம் ஏறப் போகிறவர்கள் டிக்கெட் கைக்கு வந்ததும் இரண்டு நேரங்களைத்தான் பார்ப்பார்கள்: கிளம்பும் நேரம், போய்ச் சேரும் நேரம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, வந்த விடையை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுவார்கள். குளிர்காலத்தில் சிங்கப்பூரிலிருந்து லண்டன் போகிற ஒரு விமானம் இரவு 11.30-க்குக் கிளம்பி, காலை 5.30-க்கு இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் ஆறு மணி நேரம். ஆனால் அந்த இருக்கையில் 14 மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். திரும்பி வரும்போது லண்டனில் இரவு 9-க்குக் கிளம்பி, மறுநாள் மாலை 6-க்குச் சிங்கப்பூரில் இறங்குவீர்கள். கழித்தால் 21 மணி நேரம், உண்மையில் 13.

வேளை தவறாமல் மாத்திரை போடுகிறவர், கைக்குழந்தையோடு போகிறவர், இறங்கியதும் வேறொரு விமானம் பிடிக்க வேண்டியவர், இவர்களுக்கெல்லாம் இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. இதைச் சரியாகத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பும் தேவையில்லை. ஒரு தாள், பேனா, போன் இருந்தால் போதும். எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில்: எந்த ஊர், எந்த விமான நிலையம்

ஊர்ப் பெயரை மட்டும் நம்பாதீர்கள். சிட்னி என்ற பெயரில் ஆஸ்திரேலியாவில் ஒரு பெருநகரம் இருக்கிறது, கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஒரு சின்ன ஊரும் இருக்கிறது. ஆஸ்திரேலியா என்று நினைத்து டிக்கெட் எடுத்துக் கனடாவில் போய் இறங்கியவர்கள் நிஜமாகவே உண்டு. லண்டன் கனடாவிலும் இருக்கிறது. சான் ஹோசே கலிஃபோர்னியாவிலும் இருக்கிறது, கோஸ்டாரிக்காவிலும் இருக்கிறது.

இதற்குத்தான் ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலிய சிட்னி எஸ்.ஒய்.டி., கனடா சிட்னி ஒய்.கியூ.ஒய். தூரம் தேடும்போது ஊர்ப் பெயருக்குப் பதில் இந்தக் குறியீட்டைக் கொடுங்கள். ஒரே நகரத்துக்குப் பல நிலையங்கள் இருந்தாலும் இதுதான் கைகொடுக்கும். டோக்கியோவில் ஹனேடாவுக்கும் நரிட்டாவுக்கும் நடுவே சுமார் 60 கி.மீ. இருக்கிறது. ஆகாயத்தில் அது நாலைந்து நிமிடம், இறங்கிய பிறகு சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல்.

தூரம்: வரைபடத்தை விட்டுவிட்டு உருண்டையைப் பாருங்கள்

சுவரில் மாட்டியிருக்கும் உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் தப்பான விடைதான் கிடைக்கும். நாம் அதிகம் பார்க்கிற வரைபடங்கள் மெர்கேட்டர் என்பவர் 1569-இல் கொண்டுவந்த முறையில் வரையப்பட்டவை. துருவத்தை நெருங்க நெருங்க அதில் எல்லாம் பெரிதாகிக்கொண்டே போகும். ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப் போல 14 மடங்கு பெரியது, ஆனால் அந்த வரைபடத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும்.

வீட்டில் ஒரு பூகோள உருண்டை இருந்தால் இதைச் செய்து பாருங்கள். ஒரு நூலை எடுத்து, ஒரு முனையை பின்லாந்தின் ஹெல்சிங்கியிலும் மறுமுனையை அலாஸ்காவின் ஆங்கரேஜிலும் விரலால் அழுத்திப் பிடியுங்கள். முதலில் நூலை அட்சரேகையை ஒட்டியே வளைத்து வையுங்கள். இரண்டு ஊரும் கிட்டத்தட்ட 60 டிகிரி வடக்கில் இருப்பதால் அதுதான் நேர்வழி மாதிரித் தெரியும். இப்போது நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து இறுக்குங்கள். அது அட்சரேகையை விட்டு நழுவி மேலே ஏறி, வட துருவத்தை உரசிக்கொண்டு நிற்கும். கையில் ஒரு விரற்கடைக்கு மேல் நூல் மிச்சமாகியிருக்கும். அந்த மிச்சம்தான் விஷயம்: அட்சரேகையை ஒட்டிப் போனால் சுமார் 9,500 கி.மீ., இறுகிய நூலின் வழியில் போனால் சுமார் 6,500 கி.மீ.

இறுகிய நூல் காட்டுகிற வழிக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். விமானங்கள் முடிந்தவரை இந்த வழியை ஒட்டித்தான் பறக்கும். இருக்கைத் திரையில் விமானத்தின் பாதை வில் மாதிரி வளைந்து தெரிகிறதே, அது சுற்றுவழி இல்லை. அதுதான் நேர்வழி, வளைவு வரைபடத்தின் கோளாறு.

உருண்டை இல்லாதவர்களுக்கு ஒரு கைக்கணக்கு. வடக்கு தெற்காக ஒரு டிகிரி நகர்ந்தால் சுமார் 111 கி.மீ. கிழக்கு மேற்காக நகர்ந்தால் பூமத்திய ரேகையில் மட்டும் ஒரு டிகிரிக்கு 111 கி.மீ., மேலேயோ கீழேயோ போகப் போகக் குறையும், 60 டிகிரியில் பாதியாகிவிடும். சிங்கப்பூரும் நைரோபியும் பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. சிங்கப்பூர் 104 டிகிரி கிழக்கு, நைரோபி 37 டிகிரி கிழக்கு. வித்தியாசம் 67. அதை 111-ஆல் பெருக்கினால் 7,437 கி.மீ. துல்லியமாகக் கணக்கிட்டால் 7,460 கி.மீ. அளவில் வரும். தாளில் போட்ட கணக்குக்கு இவ்வளவு நெருக்கம் போதாதா?

ஊர்கள் இப்படி வசதியாக ஒரே வரியில் இல்லாவிட்டால் கோணக் கணக்கு வேண்டும். கால்குலேட்டரில் டிகிரியை வைத்துக்கொண்டு, இரண்டு ஊர்களின் அட்சரேகை சைன்களைப் பெருக்கி ஓரிடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டு அட்சரேகைகளின் கொசைன்களையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் ஒன்றாகப் பெருக்கி, முன்பு குறித்ததோடு கூட்டுங்கள். வந்த எண்ணுக்குத் தலைகீழ் கொசைன் எடுத்து 111.2-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வந்துவிடும். தெற்கு அட்சரேகைக்கும் மேற்குத் தீர்க்கரேகைக்கும் முன்னால் கழித்தல் குறி போட மறக்கக் கூடாது. ஹெல்சிங்கி, ஆங்கரேஜுக்கு இப்படிப் போட்டால் 0.522 வரும், அதாவது 58.5 டிகிரி, 6,510 கி.மீ. பூமி சரியான உருண்டை இல்லை என்பதால் அரை சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். பயணத் திட்டத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

கணக்கே வேண்டாம் என்பவர்கள் கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, ஓர் ஊரின் மேல் வலது கிளிக் செய்து, தூரத்தை அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து, அடுத்த ஊரைத் தொட்டால் போதும். அது பெருவட்டத் தூரத்தைத்தான் காட்டும்.

இங்கே இரண்டு விஷயத்தில் ஏமாந்துபோக வாய்ப்பு உண்டு. ஒன்று, மைல். சாதாரண மைல் 1.609 கி.மீ., விமானிகளும் மாலுமிகளும் சொல்கிற கடல் மைல் 1.852 கி.மீ. லண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க் ஜே.எஃப்.கே.வுக்கும் நடுவே சுமார் 5,540 கி.மீ. இதையே சாதாரண மைலில் 3,440 என்றும் கடல் மைலில் 2,990 என்றும் எழுதுவார்கள். வெறும் மைல் என்று பார்த்தால் எந்த மைல் என்று கேளுங்கள். இன்னொன்று, சாலைத் தூரம். தேடுபொறி சில சமயம் கார் போகிற தூரத்தைக் கொடுத்துவிடும். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குச் சாலையில் சுமார் 350 கி.மீ., ஆகாயத்தில் சுமார் 300.

தூரத்தை நேரமாக மாற்றுவது

நீண்ட தூரம் போகிற பெரிய ஜெட் விமானங்கள் மணிக்கு ஏறக்குறைய 900 கி.மீ. வேகத்திலும், ஏ320, போயிங் 737 மாதிரி விமானங்கள் 830 கி.மீ. வேகத்திலும் பறக்கின்றன. இந்த வேகம் உயரே போய்ச் சமநிலைக்கு வந்த பிறகுதான். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, ஓடுபாதைக்கு நேராகத் திரும்பி வரச் சுற்ற வேண்டும். அதனால் நான் வைத்திருக்கும் கணக்கு இது: கிலோமீட்டரை 850-ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டினால் ஆகாயத்தில் இருக்கிற நேரம். அதோடு தரையில் ஊர்ந்து போகிற நேரமாக இன்னும் 20, 30 நிமிடம்.

சரி, சோதித்துப் பார்ப்போம். லண்டன், சிங்கப்பூர் நடுவே சுமார் 10,880 கி.மீ. 850-ஆல் வகுத்தால் 12.8 மணி. அரை மணியும் ஊர்கிற நேரமும் சேர்த்தால் 13 மணி 45 நிமிடம். போக 14, வர 13 என்று மேலே பார்த்தோமே, அதற்கு நடுவில் வந்து நிற்கிறது. கோலாலம்பூர், சிங்கப்பூருக்குப் போட்டால் 1 மணி 10 நிமிடம் வரும். அதில் உண்மையான பறத்தல் 20 நிமிடம்தான், மற்றதெல்லாம் ஏறுவது, இறங்குவது, ஊர்வது. குறைந்த தூரத்தில் கிலோமீட்டர் பாதியானாலும் நேரம் பாதியாகாது என்பதை இதை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

சின்ன ஊர்களுக்குப் போகிற, இறக்கையில் விசிறி சுற்றுகிற ஏ.டி.ஆர். மாதிரி விமானமாக இருந்தால் 850-க்குப் பதில் 500 போடுங்கள்.

காற்று

போக ஒரு நேரம், வர ஒரு நேரம் ஏன்? பூமி சுற்றுவதால் என்று பலரும் சொல்வார்கள். மேற்கே போகிற விமானத்தை நோக்கி ஊர் தானே சுழன்று வந்துவிடும் என்று நினைப்பது சரியில்லை. பூமியோடு சேர்ந்து காற்றும் சுற்றுகிறது, விமானமும் அந்தக் காற்றுக்குள்தான் இருக்கிறது.

உண்மைக் காரணம் ஜெட் ஸ்ட்ரீம். ஒன்பது முதல் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில், விமானங்கள் பறக்கிற அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு ஓடுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் சில இடங்களில் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டும். ஜப்பானிய வானிலை ஆய்வாளர் வாசாபுரோ ஓய்ஷி 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு இதைக் கண்டறிந்தார். உலகமெல்லாம் படிக்கட்டும் என்று தன் முடிவுகளை உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டார். அதனாலேயே அதைப் படித்தவர்கள் மிகக் குறைவு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானுக்கு மேலே உயரத்தில் பறந்த அமெரிக்க விமானிகள் இந்தக் காற்றில் மாட்டித் திணறினார்கள். ஓய்ஷியை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கும்.

2020 பிப்ரவரியில் ஒரு போயிங் 747 இந்தக் காற்றில் ஏறி நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. வழக்கமாக ஆறு மணிக்கு மேல் ஆகிற பயணம் அது. தரையை வைத்து அளந்தால் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியிருந்தது. ஆனால் காற்றுக்குள் அது எப்போதும் போலத்தான் பறந்தது. ஓடுகிற ரயிலுக்குள் முன்பக்கமாக நடக்கிறவர் மாதிரி.

போகும்போது காற்று தள்ளினால் வரும்போது தடுக்கும், கூட்டிக் கழித்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. லண்டன், நியூயார்க் தூரத்தையே எடுத்துக்கொண்டு, காற்றே இல்லாமல் மணிக்கு 900-இல் போய் வந்தால் 12 மணி 19 நிமிடம். காற்று 100 கி.மீ. வேகத்தில் அடித்தால் ஒரு பக்கம் 1,000, மறுபக்கம் 800. போக 5 மணி 32 நிமிடம், வர 6 மணி 56 நிமிடம், ஆக 12 மணி 28 நிமிடம். எதிர்க்காற்றில் அதிக நேரம் சிக்கியிருப்பதால் ஒன்பது நிமிடம் நஷ்டம்.

உங்களுக்கு வேண்டிய கணக்கு இதுதான்: நடு அட்சரேகைகளில், அதாவது பூமத்திய ரேகைக்கும் துருவத்துக்கும் இடைப்பட்ட பகுதிகளில், கிழக்கே போனால் நீண்ட பயணத்தில் அரை மணி முதல் ஒரு மணி வரை குறையுங்கள், மேற்கே போனால் அதே அளவு கூட்டுங்கள். குளிர்காலத்தில் இன்னும் கொஞ்சம் தாராளமாக. கெய்ரோ, ஜோஹன்னஸ்பர்க் மாதிரி வடக்கு தெற்காகப் போகிறவர்கள் இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்.

நேர்வழி மறிக்கப்பட்டிருக்கிறதா?

உங்கள் கணக்கு டிக்கெட்டில் உள்ள நேரத்தோடு ஒன்றிரண்டு மணி நேரம் உதைத்தால், நடுவில் ஏதோ மறிக்கிறது என்று அர்த்தம். ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ சுமார் 7,800 கி.மீ., முன்பு ஒன்பதரை மணி நேரம். 2022 பிப்ரவரியில் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டதும் அது 13 மணி நேரத்தை எட்டியது. ஊர்கள் நகரவில்லை, வழிதான் சுற்றிக்கொண்டு போனது.

திபெத் பீடபூமியின் மேல் விமானங்கள் அதிகம் போகாததற்குக் காரணம் வேறு. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் விமானி உடனே 10,000 அடிக்கு இறக்க வேண்டும். பயணிகளின் முகமூடியில் ஆக்சிஜன் ஏறக்குறைய கால் மணி நேரத்துக்குத்தான் வரும். அங்கே தரையே சராசரியாக 4,500 மீட்டர், அதாவது 14,000 அடிக்கு மேல். இறங்க இடமே இல்லை. கடல் மேலே போகும்போதும், ஒரு இன்ஜின் நின்றால் குறிப்பிட்ட நேரத்துக்குள் எட்டக்கூடிய விமான நிலையம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் பாதை போடுவார்கள்.

கடிகாரக் கணக்கு

டிக்கெட்டில் உள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் நேரம். எனவே கழிப்பதற்கு முன் இரண்டையும் ஒரே கடிகாரத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்தப் பொதுக் கடிகாரம் யூ.டி.சி. சிங்கப்பூர் அதைவிட 8 மணி முன்னால். இரவு 11.30-இலிருந்து 8 கழித்தால் மாலை 3.30. குளிர்காலத்தில் லண்டன் யூ.டி.சி.யிலேயே இருப்பதால் காலை 5.30 அப்படியே நிற்கும். மாலை 3.30-இலிருந்து மறுநாள் காலை 5.30 வரை எண்ணினால் 14.

வித்தியாசம் எப்போதும் முழு மணியாக இருக்காது. இந்தியா, இலங்கை ஐந்தரை மணி, நேபாளம் ஐந்தே முக்கால். கோடையில் கடிகாரத்தை மாற்றுகிற நாடுகளும் ஒரே நாளில் மாற்றுவதில்லை. அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறு, ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு. நடுவில் உள்ள அந்த நாட்களில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வழக்கமான ஐந்து மணி வித்தியாசம் நாலாகிவிடும்.

போய்ச் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +1 என்றிருந்தால் மறுநாள் என்று அர்த்தம். பசிபிக்கின் தேதிக்கோட்டைக் கிழக்கே தாண்டினால் தலைகீழாக நடக்கும். டோக்கியோவில் மாலை 5-க்குக் கிளம்பி, பத்து மணி நேரம் பறந்து, லாஸ் ஏஞ்சலீஸில் அதே நாள் காலை 10-க்கு இறங்கலாம்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது நள்ளிரவு. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு 15-ஆம் தேதி 00.40-க்கு விமானம். 15-ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டு, பெட்டிக்குக் கயிறு கட்டி, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு பத்து மணிக்கு விமான நிலையம் போனார். கவுன்டரில் இருந்தவர் டிக்கெட்டை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். அந்த விமானம் முந்தைய இரவே போய்விட்டிருந்தது. கட்டிய கயிறோடு அந்தப் பெட்டி வாசலில் திரும்பி வந்து நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. 00.01 முதல் 03.00 வரை கிளம்புகிற விமானம் என்றால், முந்தைய நாள் தேதியை எடுத்து அதன் இரவில் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள்.

டிக்கெட்டில் உள்ள நேரத்துக்குள் என்னென்ன இருக்கிறது

பயண நேரம் என்று அச்சடித்திருப்பது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. சக்கரத்துக்கு வைத்த முட்டுக்கட்டையை எடுத்ததிலிருந்து, அடுத்த ஊரில் மறுபடி கட்டை வைக்கிற வரைக்கும் உள்ள நேரம். பிளாக் டைம் என்று சொல்வது இதைத்தான். ஆம்ஸ்டர்டாமில் ஒரு ஓடுபாதை அவ்வளவு தள்ளி இருக்கிறது, தரையிறங்கியும் பத்து பதினைந்து நிமிடம் விமானம் ஊர்ந்துகொண்டே இருக்கும். விமான நிறுவனங்கள் நெரிசலை எண்ணிக் கொஞ்சம் கூடுதல் நேரமும் சேர்த்தே போடுவார்கள். தாமதமாகக் கிளம்பியும் நேரத்துக்கு இறங்குவது இதனால்தான்.

நடுவில் விமானம் மாறினால், மொத்த நேரத்தில் அந்தக் காத்திருப்பும் அடக்கம். வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுகிறவர்கள் முன்னால் மூன்று மணியும், பின்னால் குடியேற்றம், பெட்டி என்று ஒரு மணியும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, போட்ட கணக்கைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ஃப்ளைட்ரேடார்24 மாதிரித் தளங்களில் உங்கள் விமான எண்ணைக் கொடுத்தால், கடந்த ஒரு வாரம் அது எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது என்று நாள்வாரியாக வரும். ஏழு நாளையும் பார்த்து, அதிலேயே தாமதமான நாளை மனதில் வையுங்கள். அடுத்த விமானம் பிடிக்க வேண்டுமென்றால் அந்த நாளை வைத்து முடிவெடுங்கள்.

அழைத்துப்போக வருகிறவருக்குச் செய்தி அனுப்பும்போது, எத்தனை மணி நேரப் பயணம் என்று எழுதாதீர்கள், அவர்கள் கழிக்க ஆரம்பித்துவிடுவார்கள். விமான எண், இறங்கும் நிலையம், கிழமையோடு தேதி, அந்த ஊர் நேரம் இவை நாலும் போதும். தேதியையும் நேரத்தையும் இப்படி எழுதுங்கள்: "வெள்ளிக்கிழமை, 16-ஆம் தேதி, மாலை 6 மணி, உங்கள் ஊர் நேரம்."